நான் எண்ணிய இல்லைகள்

போன மாதம் எங்கள் பழைய கந்தோரில் வேலை செய்யும் ஒரு பெண் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஆட்களையும் ஊர்களையும் குழு குழுவாகப் பிரித்துக் காட்டுவது அவளுடைய வேலை. நாங்கள் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட கணக்கை அந்த இயந்திரம் தேநீர் ஆறுவதற்குள் போட்டுவிடும் என்றாள். ஆனால் போடுவதற்கு முன்னால் அது ஒரு கேள்வி கேட்டது. தூரத்தை வைத்துப் பிரிக்கவா, ஒற்றுமையை வைத்துப் பிரிக்கவா? ஒற்றுமை என்றால் எந்த ஒற்றுமை? கீழே ஒரு நீண்ட பட்டியல் இருந்தது.

"இதுல எதையாவது ஒன்ன அமத்தினாச் சரிதானே சேர்? எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வருது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் அப்படிக் கத்தியிருக்கக்கூடாது. அவள் பயந்துபோய்க் கணினியை மூடிவிட்டாள். அவளுக்கு நான் அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவன். வாப்பாவுக்கு யட்டவத்தச் சந்தையில் மிளகு, கொட்டைப்பாக்கு வியாபாரம். வியாபாரத்துக்கு லாயக்கில்லை என்று என்னைப் படிக்க வைத்தார். சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருடத்தில் கிளார்க் சோதனை பாஸ் பண்ணி, சுகாதாரக் கணக்கெடுக்கும் ஒரு சின்னக் கந்தோரில் சேர்ந்தேன். பிறப்பு, இறப்பு, அம்மை, மலேரியா என்று கட்டம் கட்டமாக நிரப்புவதிலேயே இருபது வருடம் போயிற்று. அந்த இருபது வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள். அவ்வளவுதான்.

எழுபதுகளில், பாணுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற அந்தப் பஞ்ச காலத்தில், எங்களுக்குப் புதிய மேலதிகாரி வந்தார். பெயர் சேனாரத்ன. என்னைவிட எட்டு வயது இளையவர், வெளிநாட்டில் புள்ளிவிபரம் படித்தவர். எங்களுக்குள் பேச்சு சிங்களத்தில்தான். அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சேனாரத்ன சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒரு தாளை வாசிக்கும்போது மர அடிமட்டத்தைக் குறுக்கே வைப்பார். ஒரு வரி முடிந்தால்தான் அடிமட்டம் அடுத்த வரிக்கு இறங்கும். எங்கேயாவது ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அதில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் தாளைத் திருப்பித் தருவார். திட்டமாட்டார்.

"இல்லை என்று எழுதினால் நீங்கள் போய்க் கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். வெறுமையாக விட்டால் கேட்கவே இல்லை என்று அர்த்தம். இரண்டும் ஒன்றல்ல, ஹனீபா" என்பார்.

நியாயமான பேச்சு. நான்தான் அதைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ போய் விழுந்தேன்.

அந்த வருடம் யட்டவத்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மூன்று பெண்பிள்ளைகளுக்குக் கால் விழுந்தது. மூவரும் பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட வயது. முதலில் கெண்டைக்கால் கடுக்கும். பிறகு பாதம் தொங்கிப்போகும். முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்தால்தான் நடக்க முடியும், இல்லாவிட்டால் விரல் தரையில் இழுபடும். கொஞ்ச நாளில் கையும் சோர்ந்து, கோப்பையைப் பிடிக்க முடியாமல் போகும். காய்ச்சல் கிடையாது. டாக்டர்மாருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

முதலில் நாங்கள் தூரத்தைத்தான் பார்த்தோம். சுவரில் மாவட்டப் படத்தை மாட்டி, நோய் வந்த ஒவ்வொரு லயத்துக்கும், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கும், ஒரு குண்டூசி குத்தினோம். ஊசிக்கும் ஊசிக்கும் இடையில் நூல் பிடித்து அளந்தோம். மூன்று ஊசியும் கிட்டக் கிட்ட இருந்தன. மூன்று லயத்துக்கும் பொதுவாக ஒரு பீலி இருந்தது. மலைத்தண்ணீர் தகரக் குழாயில் விழும், எல்லாரும் அங்கேதான் குடிக்கவும் குளிக்கவும் பிடிப்பார்கள். அதை மூடச் சொல்லி எழுதினோம், மூடினார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் பெண்கள் ஒரு மைல் நடந்து தண்ணீர் தூக்கினார்கள்.

அடுத்த ஐந்து வாரத்தில் இன்னும் ஐந்து பிள்ளைகள் விழுந்தார்கள். ஒருத்தி கூட அந்தப் பீலிப் பக்கத்தில் இல்லை. ஒருத்தி பல்லேகமவுக்கு மேலே ஏலக்காய்க் காட்டில் இருந்தாள். படத்தில் அந்த ஊசி தனியாக ஒரு மூலையில் நின்றது.

சேனாரத்ன படத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். "தூரத்தை விடுவோம். யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாம். யார் யாரைப் போல இருக்கிறார்கள் என்று பார்ப்போம்" என்றார்.

அது எனக்குப் புதிய வேலை. நாற்பது கேள்விகள் எழுதினோம். வீட்டில் கக்கூஸ் உண்டா, குழாய்த் தண்ணீர் உண்டா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, கட்டிலில் படுக்கிறதா, செருப்புப் போடுகிறதா. கடந்த இரண்டு மாதத்தில் பால் குடித்ததா, இறைச்சி, கருவாடு, முட்டை, நல்லெண்ணெய், பங்கீட்டில் தரும் கூப்பன் மா சாப்பிட்டதா. பதில் ஆம் அல்லது இல்லை. நோய் வந்த எட்டுப் பேர், அதே வயதில் சுகமாக இருந்த பன்னிரண்டு பெண்பிள்ளைகள், ஆக இருபது பிள்ளைகள். இந்த இருபது பேரில் இருவர் இருவராகச் சோடி சேர்த்தால் நூற்றுத்தொண்ணூறு சோடி. ஒவ்வொரு சோடிக்கும் நாற்பது பதில்களையும் ஒப்பிட வேண்டும்.

இதற்கு நானே ஒரு வழி செய்தேன். தடித்த அட்டையில் பிள்ளைக்கு ஒரு பட்டி வெட்டினேன். பட்டியில் நாற்பது இடம். பதில் ஆம் என்றால் அந்த இடத்தில் ஓட்டை, இல்லை என்றால் ஓட்டை கிடையாது. இரண்டு பட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து யன்னலில் பிடித்தால், இருவருக்கும் ஆம் என்ற இடத்தில் மட்டும் வெளிச்சம் தெரியும். சேனாரத்ன அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கெட்டிக்காரன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவருடைய குறிப்புப் புத்தகத்தில் ஒற்றுமையை அளக்க இரண்டு முறை இருந்தது. ஒன்றில் ஆம்-ஆம் பொருந்துவதையும் இல்லை-இல்லை பொருந்துவதையும் சேர்த்து எண்ணி நாற்பதால் வகுக்க வேண்டும். மற்றதில் இல்லை-இல்லை என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. இருவரில் ஒருவருக்காவது ஆம் என்றிருக்கும் இடங்களில், எத்தனையில் இருவருக்குமே ஆம் என்று மட்டும் பார்க்க வேண்டும். "எது வசதியோ அதைப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார்.

நான் முதலாவதை எடுத்தேன். ஏன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. இருபது வருடமாக மலை ஏறி இறங்கி, மழையில் நனைந்து, ஒவ்வொரு இல்லையையும் கேட்டு எழுதியவன் நான். அதை எண்ணக்கூடாது என்றால் நான் செய்த வேலையைக் குப்பையில் போடச் சொல்வதுபோல இருந்தது. இல்லை என்பதும் ஒரு பதில்தானே என்று நினைத்தேன்.

இதற்கிடையில் சரஸ் என்ற பிள்ளையின் தாளில் சேனாரத்ன ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். அவள் சுகமான பன்னிரண்டு பேரில் ஒருத்தி, வயது பதின்மூன்று. கட்டில் பற்றிய கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த ஒரு கட்டத்துக்காக நான் பஸ் ஏறி, யட்டவத்தவில் இறங்கி, இரண்டு மைல் நடந்து அந்த லயத்துக்குப் போனேன்.

வாசலில் வேப்பிலை சொருகியிருந்தது. உள்ளே ஒரு மூலையைச் சேலை கட்டி மறைத்திருந்தார்கள். சரஸின் அம்மா பார்வதி வெளியே வந்தாள்.

"உள்ள வராதீங்கய்யா. புள்ள நேத்துத்தான் பெரிய மனுசி ஆனுச்சு" என்றாள். அத்தனை பஞ்சத்திலும் முகம் நிறையச் சிரிப்பு.

நான் கட்டில் உண்டா என்று கேட்டேன். "கட்டிலா? எங்களுக்கா?" என்று இன்னும் சிரித்தாள். இல்லை என்று எழுதினேன். ஒரு வீட்டுக்கு மறுபடி போனால் சாப்பாட்டுக் கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. கேட்டேன்.

"முட்ட குடுத்தேங்க, இன்னைக்கிக் காலையில. நல்லெண்ணெயும் ஊத்திக் குடுத்தேன். இனி நாளாந்தம் குடுக்கணும். ரெண்டு வாரத்து மாவக் குடுத்து மாத்திக்கிட்டு வந்தேன். இடுப்பு பெலக்கணும்ல? நாளைக்கிக் கொழுந்துக் கூட சொமக்கிற புள்ள." படியோரத்தில் கழுத்து ஒடுங்கிய சாராயப் போத்தலில் அரைவாசிக்கு எண்ணெய் இருந்தது.

முட்டை என்ற இடத்தில் இல்லை என்பதைக் கோடிட்டு ஆம் என்று எழுதினேன். நல்லெண்ணெய் என்ற இடத்திலும் அப்படியே. இரண்டு திருத்தத்துக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன், விதிப்படி. பார்வதி ஒரு துண்டுச் சக்கரை தந்தாள். வாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

கந்தோருக்கு வந்து சரஸின் பட்டியில் இரண்டு புதிய ஓட்டை போட்டேன். அவளுடைய பத்தொன்பது சோடிகளையும் திரும்ப எண்ணினேன். அவளும் பல்லேகமவில் நோயாய்க் கிடந்த பிள்ளையும் நாற்பதில் முப்பத்தொன்பதில் பொருந்தினார்கள். முழு அட்டவணையிலும் அதுதான் ஆகப் பெரிய எண்.

அதைச் சேனாரத்னவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பாருங்கள் சேர். நோயாளியும் சுகமான பிள்ளையும்தான் ஆக ஒற்றுமை. எல்லாச் சோடியுமே முப்பத்தாறு, முப்பத்தேழு என்றுதான் வருகிறது. இவர்களைப் பிரிக்கவே முடியாது, எல்லாரும் ஒரே கூட்டம்" என்றேன். குரலில் பெருமை வேறு.

அவர் அடிமட்டத்தை வரி வரியாக இறக்கினார். எந்தக் கட்டமும் வெறுமையாக இல்லை. "அப்படியென்றால் எல்லாருக்கும் பொதுவான வறுமைதான் காரணம்" என்றார். சத்துக்குறைவால் வந்த நரம்புத் தளர்ச்சி என்று அறிக்கை எழுதிக் கையெழுத்து வைத்தார். தோட்டங்களுக்கு விற்றமின் குளிசை போயிற்று.

மூன்று வாரம் கழித்து, ஒரு பகல் வேளையில், பிலோமினா கந்தோருக்கு வந்தார். அவர் அந்தத் தோட்டங்களைச் சுற்றும் மிட்வைஃப். வஹகோட்டைத் திருநாளுக்கு வருடம் தவறாமல் நடந்தே போகிற கத்தோலிக்கப் பெண், யாருக்கும் பயப்படமாட்டார். கதிரையில் உட்காராமலே சொன்னார்.

"சரஸுக்குப் பாதம் விழுந்திருச்சுங்கய்யா."

நான் அவளுடைய பட்டியை எடுத்துச் சுகமானவர்களின் அடுக்கிலிருந்து நோயாளிகளின் அடுக்குக்கு மாற்றினேன். பிலோமினா மேசையில் கிடந்த அட்டவணையைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். இல்லை-இல்லையும் ஒற்றுமைதான் என்று விளக்கினேன்.

"இல்லாததையெல்லாம் எதுக்குங்க எண்ணுனீங்க?" என்றார். "லயத்துல கக்கூசு யாருக்கும் இல்ல. பாலு யாருக்கும் இல்ல. கட்டிலு யாருக்கும் இல்ல. அத எண்ணுனா நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் தெரிவோம். என்ன இருக்குன்னு பாக்கமாட்டீங்களா?"

நான் நோய் வந்த ஒன்பது பேரின் பட்டிகளையும் ஒன்றாக அடுக்கி யன்னலில் பிடித்தேன். முப்பத்தேழு இடம் இருட்டு. மூன்றில் வெளிச்சம். பிலோமினா கிட்ட வந்து ஒவ்வொன்றாக என்னவென்று கேட்டார். கூப்பன் மா. முட்டை. நல்லெண்ணெய். பிறகு சுகமான பதினொரு பேரின் பட்டிகளை அடுக்கிப் பிடித்தேன். ஒரே ஒரு வெளிச்சம், கூப்பன் மா.

"மாவு எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார் பிலோமினா. மற்ற இரண்டையும் கேட்டதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "ஆண்டவரே. இது சமஞ்ச புள்ளைக்குக் குடுக்குறதுங்க. இந்தப் பஞ்சத்துல வேற யாருக்கு முட்டையும் நல்லெண்ணெயும்?"

பிள்ளை பெரிய மனுஷி ஆகிவிட்டாளா என்ற கேள்வி எங்கள் நாற்பதில் இல்லை. அதை எழுதியவர்கள் இரண்டு ஆண்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. எங்கள் ஆட்களிலும் அந்த வழக்கம் உண்டு. முந்திய வருடம் என் சொந்த மகளுக்கு டவுனில் நல்லெண்ணெய் வாங்கி வந்தவனே நான்தான். வாங்கி வந்து மனைவி கையில் கொடுத்துவிட்டு, அது பெண்கள் விஷயம் என்று வெளியே போய்விட்டேன். என் மகள் அந்தப் பக்கத்து எண்ணெயைக் குடிக்கவில்லை, பிழைத்தாள்.

இரண்டாவது முறையில் கணக்கைத் திரும்பப் போட ஒன்றரை நாள்தான் சென்றது. முன்பு நாற்பதில் முப்பத்தாறு என்று வந்த நோயாளி-சுகமானவர் சோடி, இப்போது ஆறில் இரண்டு ஆயிற்று. முப்பத்தேழு என்று வந்த நோயாளி-நோயாளி சோடி ஏழில் நாலு ஆயிற்று. ஒன்பது பேரும் ஒரு கூட்டமாகத் தனியே வந்து நின்றார்கள். அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

முட்டை அந்தந்த லயத்துக் கோழிகளுடையது, வெளியிலிருந்து வந்தது எண்ணெய்தான். அது வந்த வழியைத் தேடிப் போனார்கள். நரம்பைக் கெடுக்கும் இயந்திர எண்ணெய் இருந்த தகரப் பீப்பாயைக் கழுவாமல் அதில் நல்லெண்ணெய் ஊற்றித் தோட்டங்களுக்கு விற்றிருக்கிறான் ஒருவன். அவனுடைய பெயர் எனக்குத் தெரியும், எழுத மனமில்லை. காலைப் பெரட்டில் தப்பு அடித்து, அந்த எண்ணெயைக் கொட்டச் சொன்னார்கள். சில தாய்மார் அழுதுகொண்டு கொட்டினார்கள். சிலர் நம்பாமல் ஒளித்து வைத்தார்கள், பிலோமினா லயம் லயமாகப் போய்ப் பிடுங்கினார். அதற்குப் பிறகு புதிதாக யாருக்கும் கால் விழவில்லை. முதல் அட்டவணையை நான் ஒழுங்காகப் போட்டிருந்தால், சரஸ் ஓரிரு வாய் எண்ணெயோடு தப்பியிருப்பாள்.

சேனாரத்ன பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றுப் புதிதாக எழுதினார். அதில் பிழை தன்னுடையது என்று எழுதியிருந்தார். நான் மறுத்தேன்.

"முறையைத் தெரிவு செய்தது நீங்கள். கையெழுத்து வைத்தது நான்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கொஞ்சம் திட்டியிருக்கலாம். அடுத்த வருடம் மாற்றலாகிப் போய்விட்டார்.

இரண்டு வருடம் கழித்துப் பார்வதியின் குடும்பத்துக்கு, இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி, இந்தியா போகும் முறை வந்தது. அப்போதெல்லாம் லயம் லயமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பயணத்துக்கு முன்னால் நிரப்ப வேண்டிய தாள்களோடு பிலோமினா அவர்களை என் வீட்டுக்கு அழைத்து வந்தார். என் கையெழுத்து அழகாக இருக்குமே.

சரஸ் வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றாள். கை ஓரளவு தேறியிருந்தது, கால் தேறவில்லை. படி ஏறும்போது முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தொப்பென்று வைத்தாள். என் மகள் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தேநீர் கொடுத்தாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

பெயர், வயது, பிறந்த இடம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். அங்கக் குறைபாடு உண்டா, ஆம் அல்லது இல்லை என்று ஒரு கட்டம் வந்தது. பேனாவை நிறுத்தினேன்.

"இல்லன்னு போடுங்கய்யா" என்றாள் பார்வதி. "ஏலாத புள்ளைன்னு எழுதினா தனியாப் பிரிச்சு வேற எங்கயோ போட்டுருவாங்களாம். லயத்துல பேசிக்கிறாங்க."

"அப்படி எழுத ஏலாதும்மா. பொய்யாகிவிடும்."

பார்வதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை.

"அன்னைக்கி நான் மொத மொதல்ல எண்ணெ குடுத்தன்னைக்கி நீங்க வந்தீங்க. முட்டன்னு சொன்னேன், எழுதுனீங்க. எண்ணென்னு சொன்னேன், எழுதுனீங்க. பக்கத்துல ஒப்பமும் வச்சீங்க. உள்ளதத்தான் எழுதுனீங்க. அதுனால எம்புள்ளைக்கி என்னங்கய்யா ஆச்சு?"

உள்ளே பிள்ளைகள் இருவரும் ஏதோ பேசிச் சிரிப்பது கேட்டது.

நான் இல்லை என்று எழுதினேன். இருபத்தைந்து வருடத்தில் கேட்டும் சரியாகப் பார்க்காமல் எழுதிய இல்லைகள் இருந்திருக்கலாம். கண்ணால் பார்த்துவிட்டு எழுதிய பொய்யான இல்லை அது ஒன்றுதான். மை காயும்வரை காத்திருந்து தாளை மடித்துப் பார்வதியின் கையில் கொடுத்தேன். சரஸ் தடியை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.